நட்சத்திரப் பெயர் சொல்லும் கையடக்கக் கருவி வாங்கலாமா? யாழ்ப்பாணத்து வானத்தை வைத்து ஒரு பதில்

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "மகள் தரம் 9 படிக்கிறாள். வானியலில் நல்ல ஆர்வம். ரொறன்ரோவில் இருக்கும் மாமா நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார். வானத்தை நோக்கிப் பிடித்தால் நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லும் கையடக்கக் கருவி ஒன்று அங்கே பாவித்தது மலிவாகக் கிடைக்கிறதாம், வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார். காசுக்கு ஏற்ற பொருளா அண்ணை?"

வேண்டாம் தம்பி. அந்தக் காசில் மாமாவை நல்லதொரு இருகண் தொலைநோக்கி, அதாவது பைனாகுலர், வாங்கி வரச் சொல்லுங்கள். பெயர் சொல்லும் வேலையை உங்கள் கையில் இருக்கும் போன் செய்யும். ஆனால் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் மாமாவுக்கு நீங்கள் விளக்கம் சொல்ல முடியாது. அதோடு இந்த வகைக் கருவிகளில் வாங்கத் தகுந்தவையும் சில உண்டு. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

மாமா பார்த்தது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். செலஸ்ட்ரோன் நிறுவனத்தின் ஸ்கைஸ்கவுட் 2006இல் வந்தது. மீட் நிறுவனத்தின் மைஸ்கை அடுத்த ஆண்டு வந்தது. வந்த காலத்தில் இரண்டும் ஏறத்தாழ 400 அமெரிக்க டொலர். இன்றைய மாற்று விகிதத்தில் ஒரு இலட்சம் ரூபாவைத் தாண்டிவிடும். இப்போது இரண்டுமே உற்பத்தியில் இல்லை. கைமாறி வருபவைதான் கிடைக்கின்றன.

இவற்றுக்குள் இருப்பது மூன்று உணரிகள். ஜிபிஎஸ், நீங்கள் பூமியில் எங்கே நிற்கிறீர்கள், இப்போது என்ன நேரம் என்ற இரண்டையும் தருகிறது. முடுக்கமானி புவியீர்ப்பின் திசையை உணர்ந்து, கருவி அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயர்த்திப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்கிறது. காந்தமானி ஒரு மின்னணுத் திசைகாட்டி. வடக்கிலிருந்து எவ்வளவு திரும்பியிருக்கிறீர்கள் என்று அளக்கிறது. இடம், நேரம், உயரம், திசை என்ற நான்கும் தெரிந்தால் வானத்தில் எந்தப் புள்ளியைப் பார்க்கிறீர்கள் என்பது வெறும் கணக்கு. கணக்கு முடிந்ததும் உள்ளே சேமித்து வைத்த பட்டியலில் அந்தப் புள்ளிக்கு அருகில் என்ன இருக்கிறது என்று தேடிப் பெயரைக் காட்டுகிறது. ஸ்கைஸ்கவுட்டில் 6000க்கு மேற்பட்ட பொருள்கள் உண்டு. சிலவற்றுக்குக் குரலிலும் விளக்கம் வரும். மாறாக, ஒரு பெயரைத் தெரிவு செய்தால் பார்வைத் துளையைச் சுற்றி எரியும் அம்புக்குறிகள் "இந்தப் பக்கம் திருப்பு" என்று வழி காட்டும். அந்தக் காலத்துக்கு இது பெரிய சாதனைதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஒன்றைக் கவனியுங்கள். இதற்குள் கண் வைத்துப் பார்த்தால் எதுவும் பெரிதாகத் தெரியாது, ஒளியும் கூடாது. தொலைநோக்கி மாதிரி இருப்பதால் பலர் ஏமாறுவது இங்கேதான். வெறுங்கண்ணுக்குத் தெரிவதுதான் அதற்குள்ளும் தெரியும்.

இனி எங்கே பிழைக்கிறது என்று பார்ப்போம். முதல் எதிரி இரும்பு. காந்தமானி பூமியின் காந்தப்புலத்தை அளக்க வேண்டும். அது மிகவும் மெலிந்த புலம். பக்கத்தில் மோட்டார் சைக்கிள், இரும்புக் கேற், தகரக் கூரை, தண்ணீர் இறைக்கும் மோட்டர் எது இருந்தாலும் அளவு தடுமாறும். சாதாரண பற்றறியின் உருக்கு உறைகூடக் குழப்பும் என்பதால் ஸ்கைஸ்கவுட்டில் பற்றறிகளுக்கே தனிக் காந்தக் காப்பு வைத்துத்தான் விற்றார்கள். நம் ஊரில் பிள்ளைகள் நட்சத்திரம் பார்க்க முதலில் ஏறுவது வீட்டின் மேல்தட்டுக்கு. அந்தக் கொங்கிறீற்றுக்குள் முழுக்க முழுக்கக் கம்பி! அங்கே நின்று கருவியைப் பிடித்தால் சில வேளை பத்துப் பாகைக்கு மேலும் விலகும். கையை முழுதாக நீட்டி மூடிய கைமுட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. அவ்வளவு விலகினால் ஒரு நட்சத்திரத்துக்கு அடுத்ததன் பெயரைச் சொல்லிவிடும். பிள்ளை அதை உண்மை என்றே நம்பிப் படிக்கும்.

இதே விடயத்தில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு நமக்கு மிக அருகில் போகிறது. 1963இல் இந்தியா தன் முதல் ஆய்வு ரொக்கெற்றை ஏவத் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவைத் தேர்ந்தது இந்தக் கோட்டுக்காகத்தான். காந்த நடுக்கோட்டருகே புலம் தரைக்குக் கிடையாக ஓடுகிறது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் அது நிலத்துக்குள் செங்குத்தாகப் பாய்வது போலச் சரிந்திருக்கும். திசை காட்டப் பயன்படும் கிடைப்பகுதி அங்கே நம்முடையதில் பாதி அளவுதான். ஆகவே காந்தமானி உள்ள எந்தக் கருவியும், போன் உட்பட, இரும்பில்லாத வெளியில் அங்கே வேலை செய்வதைவிட இங்கே நன்றாகவே வேலை செய்யும். கனடாவில் பாவித்தவர் "திசை பிழைக்கிறது" என்று குறை சொன்னால் அதை அப்படியே நமக்குப் பொருத்திப் பார்க்க வேண்டியதில்லை. தோட்டக் காணியோ கடற்கரையோ போதும்.

இரண்டாவது சிக்கல் நமக்கே உரியது. யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. திருவோணம் என்று நாம் சொல்லும் நட்சத்திரம் இங்கே உச்சியிலிருந்து ஒரு பாகைகூட விலகாமல் தலைக்கு நேர் மேலே கடக்கிறது. திருவாதிரை இரண்டு பாகை மட்டும் தள்ளிக் கடக்கிறது. உச்சிக்கு மிக அருகில் இருக்கும் ஒரு பொருள் வடக்கா தெற்கா என்று கேட்பதற்கே பொருள் குறைந்துவிடுகிறது அல்லவா? கை சற்று அசைந்தாலே கருவியின் கணக்கில் கிழக்கு மேற்காகிவிடும். அம்புக்குறி இங்கும் அங்கும் தாவும், போன் திரையில் படம் சுழலும். தை மாசி இரவுகளில் பிள்ளை முதலில் தேடப்போவது உச்சியில் நிற்கும் ஓரியன் என்ற வேட்டைக்காரன் உருவத்தைத்தான். ஓரியன் போன்ற பெரிய உருவத்துக்கு எந்தக் கருவியும் தேவையில்லை என்பது வேறு விடயம். முற்றத்தில் பாயை விரித்து மல்லாந்து படுத்தால் கழுத்தும் நோகாது, திசைக் குழப்பமும் வராது.

மூன்றாவதைப் பாவித்த கருவி வாங்குவோர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பழைய ஜிபிஎஸ் முறை கிழமைகளை 1024 வரை மட்டுமே எண்ணும். பிறகு பூச்சியத்திலிருந்து தொடங்கும். கடைசியாக அப்படிச் சுழன்றது 2019 ஏப்ரல் 6இல். இதற்கு ஆயத்தமில்லாத பழைய கருவி தேதியை 1024 கிழமை, அதாவது 19 ஆண்டும் ஏழரை மாதமும், பின்னே தள்ளிப் படிக்கும். 19 ஆண்டு போனால் நட்சத்திரங்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. வானம் அதே இடத்துக்குத் திரும்பிவிடும். அந்த ஏழரை மாதம்தான் நாசம் செய்வது. ஆவணி இரவில் நீங்கள் விருச்சிகத்தை நோக்கிப் பிடிக்க, கருவி தை மாத வானத்தை வைத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். கோள்களின் இடமோ முழுக்கப் பிழை. எல்லாக் கருவிக்கும் இது நடக்கும் என்றில்லை, உள்ளே இருக்கும் ஜிபிஎஸ் சில்லைப் பொறுத்தது. அதனால் மாமா அதையே வாங்குவதென்று நின்றால், விற்பவரின் வீட்டு வாசலிலேயே, வெட்டவெளியில், அதை இயக்கிக் காட்டச் சொல்லட்டும். செய்மதியைப் பிடித்த பின் திரையில் வரும் தேதி அன்றைய தேதியா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

இதையெல்லாம் கடந்து நல்ல நிலையில் ஒரு கருவி கிடைத்தாலும், போனுக்கு முன்னால் அது தோற்கிறது. 2009இல் கூகிள் ஸ்கை மப் வந்த நாளிலேயே இந்தக் கருவிகளின் காலம் முடியத் தொடங்கியது. அதே ஜிபிஎஸ், அதே முடுக்கமானி, அதே காந்தமானி இன்றைய போன்களில் இருக்கின்றன. பலவற்றில் கூடுதலாகச் சுழற்சியை உணரும் ஜைரோவும் உண்டு. ஸ்கை மப் இலவசம், ஸ்டெல்லேரியம் கணினிக்கு இலவசம், போனுக்கும் உண்டு. அதைவிட முக்கியம், போன் புதுத் தகவலை இறக்கிக்கொள்ளும். சர்வதேச விண்வெளி நிலையம் இன்றிரவு எங்கள் வானத்தில் எத்தனை மணிக்குக் கடக்கும் என்று சொல்ல அண்மைய சுற்றுப்பாதைத் தரவு வேண்டும். அது நாளுக்கு நாள் மாறும். 2024 ஒக்ரோபரில் வெறுங்கண்ணுக்கே தெரிந்த சுச்சின்ஷான் அட்லஸ் வால்வெள்ளி 2023இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டுப் பட்டியலில் அது எப்படி இருக்கும்?

போனில் ஒரேயொரு பெரிய குறை வெளிச்சம். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். வெள்ளைத் திரையை ஒரு கணம் பார்த்தால் அது பெருமளவு போய்விடும். செயலிக்குள் இரவு நிலை என்று சிவப்புத் திரை இருக்கும், அதைப் போட்டு ஒளியையும் அடிமட்டத்துக்குக் குறையுங்கள். அழைப்பு வந்தால் வெள்ளைத் திரை வரும், ஆகவே விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். ஜிபிஎஸ் அதிலும் வேலை செய்யும். ரோச் லைற்றுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மூன்று மடிப்புக் கட்டினால் போதும். போன் உறையில் காந்தப் பூட்டு இருந்தால் கழற்றிவிட்டுப் பிடியுங்கள். தொடங்கும்போது காற்றில் எட்டு வரைவது போல ஒரு சில முறை சுழற்றினால் திசைகாட்டி சரியாகும்.

சரி, பெயர் கிடைத்துவிட்டது. அதன் பிறகு? பிள்ளைக்கு அடுத்து வேண்டியது ஒளி. இருட்டில் நன்கு விரிந்த கண்மணி 7 மில்லிமீற்றர் அளவு. 50 மில்லிமீற்றர் வில்லையுள்ள பைனாகுலர் அதைவிட 50 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. 7×50 அல்லது 10×50 என்று எழுதியதை வாங்குங்கள். 7 பெருக்கம் கைநடுக்கத்தைக் குறைவாகக் காட்டும். 10 பெருக்கம் கூடுதலாகக் காட்டும், ஆனால் முழங்கையை மதிலிலோ கதிரையின் கையிலோ ஊன்ற வேண்டும். நிலாவின் பள்ளங்கள், வியாழனைச் சுற்றி 1610இல் கலிலியோ கண்ட நான்கு துணைக்கோள்கள், கார்த்திகைக் கூட்டத்தின் பத்துக்கணக்கான நட்சத்திரங்கள், ஓரியனின் வாளில் உள்ள நெபுலா என்ற வாயு முகில் எல்லாம் இதில் வந்துவிடும். சனியின் வளையம் வராது. அதற்கு ஒரு சிறு தொலைநோக்கியாவது வேண்டும், பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்கள் வானம் எவ்வளவு வளமானது என்பதைப் புலம்பெயர்ந்த உறவினர்களுக்கு நாங்கள் போதிய அளவு சொல்வதில்லை. ரொறன்ரோ வானத்தில் ஒருபோதும் எழாத தெற்குச் சிலுவை, திரிசங்கு என்று நம்மவர் சொல்வது, இங்கே வைகாசி நடுவில் இரவு 9 மணிக்குத் தெற்கே இரண்டு கைமுட்டி உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். அகத்தியர் நட்சத்திரம் மாசியில் அதே நேரம் தெற்கே மூன்று முட்டி உயரம் வரை வரும். வைகாசி முடிவில் ஒமேகா சென்ராரி என்ற நட்சத்திரக் கொத்து தெற்கு வானில் நன்றாக உயர்ந்திருக்கும். சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில் பல இலட்சம் நட்சத்திரங்கள் ஒன்றாகத் திரண்ட பந்து. 10×50இல் அது ஒரு மங்கிய வட்டமாகத் தெரியும்போது பிள்ளைகள் மூச்சை இழுப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருப்பவர்களுக்கு இது எட்டாத பொருள். இதைக் காட்டாமல் பெயர்ப் பட்டியலோடு பிள்ளையை நிறுத்தி வைப்பது எனக்கு மனவருத்தம் தருகிற விடயம்.

இடத்தையும் சொல்லிவிடுகிறேன். தெற்கு நோக்கிய திறந்த அடிவானம் வேண்டுமென்றால் வேலணைப் பக்கம் சாட்டிக் கடற்கரை. வடக்கு வேண்டுமென்றால் காரைநகர் கசூரினா. அங்கேதான் கடலுக்கு மேல் ஒரு முட்டி உயரத்தில் நிற்கும் துருவ நட்சத்திரத்தைத் தடையின்றிப் பார்க்கலாம், வீட்டு வளவில் பனை மறைத்துவிடும். உண்மையான இருட்டு வேண்டுமென்றால் குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போய் ஓர் இரவு தங்க வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை முகில் விடாது. தை பிறந்தால் சித்திரை வரை நல்ல வானம். சோளகம் வீசும் மாதங்களிலும் வானம் திறக்கும், ஆனால் காற்றுக்குப் பைனாகுலர் ஆடும், மணலும் பறக்கும். எங்கே போனாலும் அந்த ஊர்க்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். இருட்டில் கருவியோடு நிற்பவரைப் பார்த்தால் எவருக்கும் சந்தேகம் வரும். முகாம்களுக்கு அருகில் போகவே வேண்டாம்.

தொண்ணூறுகளின் முதற்பாதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் வளர்ந்தவர்களுக்குப் பால்வீதி முற்றத்திலிருந்தே தெரியும். அந்த இருட்டை யாரும் விரும்பிக் கேட்கவில்லை. ஆனால் அன்று சப்தரிஷியையும் விருச்சிகத்தின் வாலையும் எங்களுக்குக் காட்டியவர்கள் அப்புமாரும் அம்மம்மாமாரும்தான். உங்கள் வீட்டில் முதியவர் இருந்தால் பிள்ளையை முதலில் அவரிடம் அனுப்புங்கள்.

வீட்டில் இன்னொரு பொருளும் இருக்கும்: பஞ்சாங்கம். சோதிடத்துக்கு அல்ல, நிலா எங்கே என்று பார்க்க. அன்றைய நட்சத்திரம் ரோகிணி என்று போட்டிருந்தால் நிலா ரோகிணி நட்சத்திரத்தை அண்டி நிற்கிறது என்று பொருள். ஒவ்வொரு நட்சத்திரப் பிரிவும் 13 பாகை 20 கலை, ஒரு கைமுட்டியும் கொஞ்சமும். கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஐந்தும் நிலாவின் பாதையை ஒட்டியவை, சில ஆண்டுகளில் நிலா அவற்றை மறைத்தும் கடக்கும். இந்த ஐந்தையும் ஒரே ஆண்டில் நிலாவைக் கொண்டே பிள்ளை அடையாளம் கண்டுவிடலாம். சுவாதியும் திருவோணமும் பாதையிலிருந்து வெகுதூரம் வடக்கே உள்ளவை, அவற்றுக்கு இந்த வழி ஒத்துவராது.

போனில் பார்த்துப் பழகுவதிலும் ஒரு முறை உண்டு. வழிகாட்டிக் குரலைக் கேட்டே வண்டி ஓட்டுகிறவருக்கு ஊர்த் தெரு மனதில் பதியாது, வானமும் அப்படித்தான். பிள்ளை முதலில் தானாகவே "இது கேட்டை" என்று ஊகித்துச் சொல்லட்டும், பிறகு போனைத் தூக்கிச் சரிபார்க்கட்டும். ஒரு இரவுக்கு மூன்று நான்கு நட்சத்திரம் போதும். ஒரு கொப்பியில் தேதி, நேரம், திசை, எத்தனை முட்டி உயரம் என்று எழுதச் சொல்லுங்கள். காரைநகரில் பிறந்து வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் கற்பித்த ஆசிரியர் அலன் ஆபிரகாம், ஹேலி வால்வெள்ளி பற்றிய தம் வேலைக்காக அறியப்பட்டு, இலண்டன் ரோயல் வானியல் கழகத்திலும் இடம்பெற்றார். அவர் 1922இல் மறைந்தவர். அவரைப் பற்றியும் பிள்ளைக்குச் சொல்லுங்கள், தன் மண்ணில் இதற்கு ஒரு வழித்தடம் இருக்கிறது என்று தெரியட்டும்.

மின்னணுக் கருவி என்றாலே ஒதுக்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையில் காசுக்குத் தகும் சில இருக்கின்றன. முதலாவது, நடுக்கம் தடுக்கும் பைனாகுலர். கனன் நிறுவனத்தின் 10×30, 12×36 போன்றவை. பொத்தானை அழுத்தியதும் உள்ளே உள்ள அரியம், அதாவது ஒளியைத் திருப்பும் கண்ணாடி (பிரிசம்), கைநடுக்கத்துக்கு எதிராக அசைந்து படத்தை அப்படியே நிறுத்திவிடும். வில்லை சிறிதானாலும், கையில் பிடித்த சாதாரண 10×50ஐவிடக் கூடுதல் நட்சத்திரம் தெரிகிறது என்று பாவித்தவர்கள் சொல்வது மிகை அல்ல. வியாழனின் துணைக்கோள்கள் ஊசிமுனையாக நிற்கும். விலை பல நூறு டொலர். தரம் 9 பிள்ளைக்கு இப்போது அவசியமில்லை, ஆனால் மாமா மனமுவந்து பெரிதாக ஏதாவது செய்ய நினைத்தால் பெயர் சொல்லும் கருவியை விட்டு இதைத்தான் கேட்பேன்.

இரண்டாவது, படம் பிடித்து வானத்தை அறியும் முறை. செலஸ்ட்ரோனின் ஸ்ரார்சென்ஸ் எக்ஸ்புளோரர் 2020இல் வந்தது. தொலைநோக்கியில் போனைப் பொருத்தினால், போனின் கமெரா வானத்தைப் படமெடுத்து நட்சத்திரங்களின் வடிவத்தைத் தன் பட்டியலோடு ஒப்பிட்டு நீங்கள் எங்கே நோக்கியிருக்கிறீர்கள் என்று கண்டுபிடிக்கும். காந்தமானியை நம்பியிருக்கத் தேவையில்லாததால் இரும்பும் கம்பியும் இதைக் கெடுக்காது. மேலே சொன்ன குறைகளின் அடிவேரையே இது வெட்டிவிட்டது. பிள்ளை பிறகு தொலைநோக்கி வாங்கும் நாளில் இதை நினைவில் வையுங்கள்.

பாடசாலை வானியல் கழகம் என்றால் கணக்கு மாறும். சீஸ்ரார் எஸ்50 போன்ற திறன்மிகு தொலைநோக்கி, 2023இல் வந்தது, தானே வானத்தைக் கண்டுபிடித்து நெபுலாவின் படத்தைச் சேர்த்துப் போனுக்கு அனுப்பும். நகர வெளிச்சத்திலும் வேலை செய்வதால் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் காட்டலாம். இது கையில் பிடிக்கும் கருவி அல்ல, கண்ணால் பார்ப்பதும் அல்ல. ஆனால் பழைய மாணவர் சங்கங்கள் எதை அனுப்பலாம் என்று கேட்டால் தயங்காமல் சொல்லலாம். வானத்தின் இருட்டை அளக்கும் எஸ்கியூஎம் என்ற சிறு மீற்றரும் கழகங்களுக்கு நல்லது. ஊருக்கு ஊர் அளந்து எழுதினால் குடாநாட்டில் எந்த மூலையில் எவ்வளவு இருட்டு மிஞ்சியிருக்கிறது என்று பிள்ளைகளே ஒரு வரைபடம் போடலாம்.

பச்சை லேசர் சுட்டியை மட்டும் கேட்காதீர்கள். வானத்தில் விரல் நீட்டுவது போல அழகாகத்தான் இருக்கும். ஆனால் விமானியின் கண்ணில் பட்டால் ஆபத்து, பலாலியில் விமானங்கள் இறங்குகின்றன. பக்கத்துப் பிள்ளையின் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

மாமா அங்கே சுழலும் நட்சத்திர வட்டு வாங்கித் தருகிறேன் என்பார். அட்டையில் வரும் அந்த வட்டு அருமையான பொருள்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஓர் அகலாங்குக்குச் செய்யப்படுகிறது. ரொறன்ரோக் கடையில் தொங்குவது பெரும்பாலும் 40 முதல் 50 பாகைக்கானது. அதில் துருவ நட்சத்திரம் அரை வானத்தில் நிற்கும், தெற்குச் சிலுவை இருக்கவே இருக்காது. 10 பாகை வடக்குக்கு உரியதென்றால் மட்டும் வாங்கட்டும்.

பைனாகுலரைக் கடையில் எப்படிச் சோதிப்பது என்று மாமாவுக்கு எழுதுங்கள். கையை நீட்டிப் பிடித்துக் கண்வில்லையைப் பார்த்தால் அதில் தெரியும் ஒளிப்புள்ளி முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் தெரிந்தால் மட்டமான அரியம். தூரத்து மின்கம்பத்தைப் பார்க்கும்போது உருவம் இரட்டையாகத் தெரிந்தாலோ, சில நிமிடத்தில் கண் இழுத்து வலித்தாலோ, இரு குழலும் ஒருகோட்டில் இல்லை. பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் சூம் வகை வேண்டாம், முன்வில்லையில் செந்நிறம் மினுங்குவதும் வேண்டாம். முக்காலியில் பூட்டுவதற்கான துளை நடுவில் இருந்தால் நல்லது. இங்கே வந்த பிறகு பெரும் பகை உப்புக் காற்றும் ஈரப்பதனும். வில்லைக்குள் பூஞ்சணம் பிடித்தால் எடுப்பது கடினம். காற்றுப் புகாத பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வையுங்கள், கடற்கரையிலிருந்து வந்தால் துடைத்து உலரவிட்டு மூடுங்கள். பகலில் எவரும் அதால் சூரியனைப் பார்த்துவிடாதபடி பெட்டியைப் பெரியவரே வைத்திருங்கள். ஒரு கணம் பார்த்தாலே கண் நிரந்தரமாகப் போய்விடும்.

திருவிழாக் காலத்தில் மாமா வந்திறங்கினால் தொடங்குவதற்கு நல்ல நேரம். நிலா இல்லாத ஓர் இரவில் 8 மணிக்குத் தெற்கே பார்த்தால் விருச்சிகம் உயர நிற்கும். வாலின் கொடுக்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே பைனாகுலரைத் திருப்பினால் எம்7, அதற்கு மேலே எம்6 என்ற இரண்டு நட்சத்திரக் கூட்டங்கள் ஒரே பார்வைக்குள் வரும். அங்கிருந்து இன்னும் வடகிழக்கே பால்வீதியோடு ஏறினால் எம்8 நெபுலா ஒரு வெண்புகைத் திட்டாகத் தெரியும். இந்த மூன்றையும் பிள்ளை கண்டுபிடித்த பிறகு எழுதுங்கள், அடுத்து எதைத் தேடலாம் என்று சொல்கிறேன். மாமா பார்த்த கருவியின் மாடலையும் கேட்டு அனுப்புங்கள். நான் சொன்ன இரண்டும் இல்லாமல் நடுக்கம் தடுக்கும் வகையாக இருந்தால் என் பதில் மாறும்.